வேட்டித் துணியும் கருமணலும்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அப்பா கொண்டுவந்திருந்த வண்டியைப் பார்த்ததும், வேறு யாருடையதையோ இரவல் வாங்கி வந்துவிட்டாரோ என்றுதான் நினைத்தேன். 2013-ல் வாங்கிய கருநீல ஸ்விஃப்ட். பானட் சாம்பல் பூத்தது போல மங்கி, முன்விளக்கு இரண்டும் கண்புரை விழுந்த மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது. "நல்லாத்தான மக்களே இருக்கு, தெனமும் தொடைக்கேன்" என்றார் அப்பா. களியக்காவிளை தாண்டும்வரை நான் ஒன்றும் பேசவில்லை.

தோஹாவிலிருந்து 20 நாள் லீவு. பல் வேலை, வங்கியில் கையெழுத்து, வீட்டுக் கூரை ஒழுகல் என்று ஏற்கெனவே பெரிய பட்டியல் இருந்தது. அதில் வண்டியையும் சேர்த்தேன். மற்றவையெல்லாம் ஊரில் நடப்பது போலவே நடந்தன. எழுதும்படி இருந்தது வண்டிக் கதை மட்டும்தான்.

முதலில் நாகர்கோவில் போகிற வழியில் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டோம். பெயர் வேண்டாம். 600 ரூபாய்க்கு நுரையடித்து, ஒரே ஸ்பாஞ்சால் மட்கார்டின் சேற்றையும் தேய்த்து, அதே ஸ்பாஞ்சால் பானட்டையும் தேய்த்தார்கள். வீல்களுக்கு, லேபிள் இல்லாத ஒரு கேனிலிருந்து எதையோ அடித்தார் ஒரு பையன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. ஐந்து நிமிடத்தில் அலாய் பளிச்சிட்டது, அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மூன்றாம் நாள் பார்த்தால் நான்கு வீலிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பானட்டின் பளபளப்பும் ஒரு மழையோடு போய்விட்டது. பானட்டிலிருந்த கீறல்களை எண்ணெய்ப் பசை மூடியிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் சித்தி மகன் சொல்லி, தக்கலை பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு ஷெட்டுக்குப் போனோம். முப்பது வயதுப் பையன், ஆறு வருடம் குவைத்தில் இதே வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு டார்ச்சை எடுத்து பானட்டில் அடித்தார். வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி ஆயிரம் மெல்லிய கோடுகள். டார்ச் நகர நகர வலையும் கூடவே நகர்ந்தது.

"அப்பா, வண்டியை எங்க விடுவிய? எப்படித் தொடைப்பிய?" என்று கேட்டார் பையன்.

"மணவாளக்குறிச்சில வீட்டு முத்தத்துலதான். ஒரு நாளு விட்டதில்ல. நல்ல மல்லு வேட்டி கிழிச்சு வச்சிருக்கேன், தண்ணி தொடாம தொடைச்சா பாடு படியாது."

பையன் என்னைப் பார்த்தார், நான் ஷெட்டின் கூரையைப் பார்த்தேன்.

எங்கள் ஊர் மணலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் என்று பல கனிமங்கள் கலந்த கருமணல். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலையும் வந்தது. கயிற்றில் ஒட்டிக்கொண்டு கடல் கடந்த மணல் பானட்டை மட்டும் விட்டுவைக்குமா? அதிலும் கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். கடற்காற்றில் வந்து படிந்த அந்தத் தூசியை அப்பா தினமும் காலையில் உலர்ந்த வேட்டித் துணியால், ஒரு நாள் தவறாமல், வட்டம் வட்டமாகத் தேய்த்திருக்கிறார். வண்டியின் மேல் அவருக்கு அத்தனை பாசம்.

அடுத்து பையன் ஒரு சின்னக் கருவியை எடுத்து பெயிண்டின் கனம் பார்த்தார். கூரையில் 108 மைக்ரான். பானட் நடுவில் 97, ஓரத்தில் 81. இடது பின்கதவில் 340. "இது பட்டி பார்த்த கதவு" என்றார். அப்பா வாயே திறக்கவில்லை. எங்கே இடித்தார் என்பதை அன்று இரவு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஏ4 தாளின் கனம் கிட்டத்தட்ட 100 மைக்ரான். இரும்புத் தகட்டின் மேலே இருக்கும் மொத்தப் பூச்சும் ஒரு தாள் அளவுதான். அதிலும் பளபளப்பைத் தருகிற மேல் பூச்சான கிளியர் கோட், பாதியைவிடக் குறைவு. பாலிஷ் என்பது அதையும் கொஞ்சம் சீவி எடுப்பது.

முதல் நாள் முழுக்கக் கழுவல்தான். பிரஷர் தண்ணீர், நுரை, இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். பிறகு வீலிலும் கதவின் அடிப்பகுதியிலும் ஒரு மருந்தை அடிக்க, கொஞ்ச நேரத்தில் ஊதா நிறம் வழியத் தொடங்கியது. பிரேக் தூளின் இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம் வருமாம். கழுவி முடித்து, ஒரு பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குச் சுத்தமாக இருந்த இடம் விரலுக்கு ரவை மாதிரி நெருடியது. களிமண் போன்ற ஒரு கட்டியை வழுக்கு நீர் தெளித்து முன்னும் பின்னும் ஓட்டி எடுத்த பிறகு அதே இடம் கண்ணாடி.

வண்டி அங்கேயே கிடக்க, மறுநாள் நாங்கள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லும் அந்தக் கறுப்புத் தரையில் குனிந்து முகம் பார்த்துவிட்டு, "இதுக்கு எந்தக் கோட்டிங் போட்டானுவோ?" என்றார் அப்பா.

திரும்பி வந்தபோது பையன் ரப்பர் பீடிங் எல்லாம் டேப்பால் மூடி, பானட்டில் பாதி மட்டும் மெஷின் பாலிஷ் போட்டு வைத்திருந்தார். ஒரு பாதி பழைய சாம்பல், மறு பாதியில் ரப்பர் மரத்தின் கிளை தெரிந்தது. அதிகமாகச் சீவி எடுக்கும் கம்பவுண்ட் போடவில்லை, மெல்லிய பாலிஷ் ஒரே சுற்று. பக்கவாட்டில் ஆழமாக இரண்டு கோடு இருந்தது. "இதை விட்டுருவோம் அக்கா. எடுக்கப் போனா கிளியர் போயிரும்."

பெயிண்டைக் காக்க மேலே பூசும் செராமிக் கோட்டிங் கேட்டேன். 9எச், ஐந்து வருடம் என்று எல்லோரும் விற்கிறார்களே என்றேன். "9எச்-னா பென்சில் கணக்கு அக்கா. பென்சிலால கீறிப் பார்க்கிறது. உங்க ஊரு மணலு பென்சில் இல்ல. முதல்ல அந்த வேட்டியை மாத்துங்க, கோட்டிங் அப்புறம் பாப்போம்" என்றார். 18,000 ரூபாய் வியாபாரம். சில மாதம் தாங்கும் சீலன்ட் ஒன்றைப் போட்டு நிறுத்திக்கொண்டார்.

வீலுக்கு அவரிடமும் வழியில்லை. அந்த லேபிள் இல்லாத கேனில் இருந்த ஆசிட், வீலின் பூச்சையே தின்றிருக்கிறது, உரித்து மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும் என்றார். முன்விளக்கை ஈரத்தோடு உப்புத்தாள் போட்டு, படிப்படியாக நைஸாக்கி, வெயில் தாங்கும் பூச்சும் பூசினார். இரவில் ரோடு தெரிகிறது.

குறையும் உண்டு. இரண்டாம் நாள் மாலை நான்கு மணி என்றவர் கொடுத்தது மூன்றாம் நாள் மதியம். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வண்டியின் உள்பக்கத்தில் அவருக்கு அக்கறையே இல்லை. சீட்டுக்கு அடியில் மணல் அப்படியே இருந்தது. மொத்தம் 7,500 ரூபாய், முன்விளக்கையும் சேர்த்து.

கிளம்பும்போது அப்பாவிடம் இரண்டு மைக்ரோஃபைபர் துணி கொடுத்தார். முதலில் ஓஸால் தண்ணீர் அடித்து மணலை இறக்கணும், உலர்ந்த துணி தொடவே கூடாது, காக்கா எச்சம் விழுந்தால் ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுக்கணும். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

தோஹா வந்து நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. பானட்டின் நடுவில் காக்கா எச்சம். "என்ன செய்யணும்?" என்று கேட்டிருந்தார். உடனே கூப்பிட்டு, ஈரத்துணியைப் போட்டு ஊறவிடுங்க என்றேன்.

"அது அப்பமே தொடைச்சாச்சு மக்களே. சும்மா கேட்டேன்."