தூரத்து மிஷனா, வீட்டோட இருந்து செய்ற சர்வீஸ் மிஷனா? பெத்தவங்க பக்கத்துல இருந்து ஒரு அலசல்

யூட்டாவுல தமிழ்க் குடும்பங்களே கொஞ்சம்தான், அதுலயும் வெளியில மார்மன்னு சொல்ற பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில இருக்கறவங்க இன்னும் கம்மி, அதனால பிள்ளைங்க மிஷன் போறதப் பத்தி, அதாவது சபைக்காக முழு நேரமா ஊழியம் செய்யப் போறதப் பத்தி, தமிழ்ல பேசிக்க ஆளே கிடைக்கறதில்ல. எங்க வீட்டுல ரெண்டு விதத்தையும் பாத்தாச்சு. பெரியவன் டீச்சிங் மிஷன்ல, அதாவது சபை போதனையச் சொல்லித் தர்ற வேலைக்கு, தைவான் போனான், சின்னவ வீட்டுல தங்கியே சர்வீஸ் மிஷன் செஞ்சா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதறேன். என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். பிள்ளையோட உடம்புக்கும் மனசுக்கும் எது ஒத்து வருமோ அதுக்குத்தான் பெத்தவங்க முழு மனசோட நிக்கணும், சர்வீஸ் மிஷன ரெண்டாந்தரமா பாக்கவே கூடாது. ஆனா வீட்டோட இருக்குதே, பெத்தவங்களுக்கு லேசாத்தான் இருக்கும்னு மட்டும் நெனச்சுடாதீங்க.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் அடிப்படை. டீச்சிங் மிஷன் ஆம்பளப் பசங்களுக்கு 24 மாசம், பொண்ணுங்களுக்கு 18 மாசம். வயசு வரம்பு 2012 அக்டோபர் வரைக்கும் பசங்களுக்கு 19, பொண்ணுங்களுக்கு 21ன்னு இருந்துச்சு, அப்புறம் அத 18, 19ன்னு கொறச்சாங்க, 2025 நவம்பர்ல பொண்ணுங்களுக்கும் 18ன்னு அறிவிச்சுட்டாங்க. எந்த ஊருன்னு நாம கேட்டு வாங்க முடியாது, சால்ட் லேக் சிட்டில இருக்கற சபைத் தலைமையகத்துல இருந்து வர்ற கால்லதான், அதாவது அழைப்புக் கடிதத்துலதான், ஊரும் மொழியும் இருக்கும். சர்வீஸ் மிஷனுக்கும் அதே மாதிரி முறையான கால் வரும், கருப்பு நேம் டேக் உண்டு, ஆனா வேலை நம்ம ஊர்லயேதான், இல்லாதவங்களுக்குச் சாமான் குடுக்கற சபையோட பிஷப்ஸ் ஸ்டோர்ஹவுஸ், பழைய சாமான் விக்கற டெசரெட் இண்டஸ்ட்ரீஸ் கடை, ஆலயம், ஊர்ல இருக்கற ஃபுட் பேங்க்னு இப்படி. 2019 ஜனவரில இருந்து அமெரிக்காவுலயும் கனடாவுலயும் ரெண்டுக்கும் அப்ளிகேஷன் ஒண்ணுதான்.

பணத்த சுருக்கமா முடிச்சுடறேன், ஏன்னா முடிவெடுக்கறதுக்கு அது பெரிய காரணமா இருக்கக் கூடாதுன்னு நெனக்கறேன். டீச்சிங் மிஷனுக்கு அமெரிக்கக் குடும்பங்க மாசம் 500 டாலர் கட்டணும், 2020 ஜூலைக்கு முன்னாடி அது 400ஆ இருந்துச்சு. தைவான் போனாலும் சரி பக்கத்துல ஐடஹோ போனாலும் சரி அதே தொகைதான், 1991க்கு முன்னாடிதான் போற ஊரப் பொறுத்து செலவு மாறும். ரெண்டு வருஷத்துக்கு 12,000 டாலர், அதுக்கு மேல சூட்டு, ஷூ, பெட்டின்னு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு செலவு. சர்வீஸ் மிஷன்ல அந்த மாசத் தொகை கிடையாது, ஆனா சாப்பாடு, பெட்ரோல், கார் இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம தலையிலதான், வீட்டுல ஒரே கார்னா தினமும் யார் எடுத்துட்டுப் போறதுன்னு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

அனுப்பற நாள்லதான் முதல் பெரிய வித்தியாசம் தெரியும். டீச்சிங் மிஷன்னா ஞாயித்துக்கிழமை சபையில பேசச் சொல்லுவாங்க, ஊரே வந்து கட்டிப்பிடிக்கும், கெளம்பறதுக்கு முன்னாடி பல உள்ளூர் சபைகளுக்குத் தலைவரான ஸ்டேக் பிரசிடென்ட் தலையில கை வச்சு செட் அபார்ட் பண்ணுவார், அதாவது ஜெபம் பண்ணி ஊழியத்துக்குன்னு நியமிப்பார், அப்புறம் புரோவோவுல இருக்கற ட்ரெய்னிங் சென்டர் வாசல்ல கார நிறுத்தி எறக்கி விடணும். உள்ள போக நமக்கு அனுமதி கிடையாது. இன்னொரு மிஷனரி ஓடி வந்து பெட்டிய எடுத்துக்குவாரு, பின்னாடி அடுத்த கார் நிக்கும், அந்த ரெண்டு நிமிஷத்துல என்ன சொல்ல முடியுமோ அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. சர்வீஸ் மிஷன்ல இப்படி ஒரு நாளே கிடையாது. செட் அபார்ட் நடக்கும், மறுநாள் காலைல புள்ள நேம் டேக்க மாட்டிக்கிட்டு வேலைக்குப் போவா, சாயங்காலம் வந்துடுவா. நிம்மதிதான், ஆனா ஒரு வாசலத் தாண்டிப் போன மாதிரி பெத்தவங்களுக்கும் இருக்காது பிள்ளைக்கும் இருக்காது, அதனால நாமளே அத ஒரு நல்ல நாளா ஆக்கணும், சொந்தக்காரங்களக் கூப்பிடணும், பெரியவனுக்கு என்னெல்லாம் செஞ்சோமோ அதுல ஒண்ணு கூட கொறையக் கூடாது.

இப்ப பேச்சு, தொடர்பு. இதுதான் பெத்தவங்கள அதிகமா ஆட்டிப் படைக்கற விஷயம். 2019 பிப்ரவரி வரைக்கும் வாரம் ஒரு ஈமெயில், ஃபோன்னா கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். எங்க வார்டுல, அதாவது எங்க ஏரியா சபையில, வயசான ஒரு அம்மா, அவங்க பையன் போன காலத்துல வெறும் கடுதாசிதான், உடம்பு சரியில்லன்னு எழுதின கடுதாசி இவங்க கைக்கு வர்றதுக்குள்ள அவனுக்கு சரியாயிருக்குமாம். இப்ப வாரா வாரம் ப்ரிபரேஷன் டேங்கற அவங்க சொந்த வேலைக்கான நாள்ல வீடியோ கால் பண்ணலாம். தைவான்ல திங்கக்கிழமை காலைன்னா எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ராத்திரி, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க ஓடும்.

வீடியோ கால் இருக்கறது நல்லதா கெட்டதான்னு வார்டுல ஒரு வாக்குவாதம் எப்பவும் உண்டு. பழைய ஆளுங்க, அடிக்கடி பேசினா பிள்ளைக்கு வீட்டு நெனப்பு வந்துடும், கவனம் செதறும்னு சொல்லுவாங்க. நான் அத ஒத்துக்க மாட்டேன். ஈமெயில்ல பெரியவன் எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் எழுதுவான், எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் எழுதும். வீடியோவுல பாத்தப்பதான் சட்டைக் காலர் கழுத்துக்கு லொடலொடன்னு நிக்கறது தெரிஞ்சுது, சாப்பிடறியாப்பான்னு கேட்டா ம்ம்னான், பின்னாடி துணி மடிச்சுக்கிட்டு இருந்த அவனோட கம்பானியன், அதாவது கூடவே தங்கற ஜோடி மிஷனரி, எட்டிப் பாத்து, ரெண்டு வாரமா வயிறு சரியில்ல அவனுக்குன்னு போட்டுக் குடுத்துட்டான். அதுக்கப்புறம்தான் அங்க மிஷனரிங்களுக்கெல்லாம் பொறுப்பா இருக்கற மிஷன் லீடர்கிட்ட சொல்லி டாக்டர்கிட்ட போனான். கடுதாசிக் காலத்துல இது எனக்குத் தெரியவே தெரியாது. அதே நேரம் நம்ம பக்கத்துல ஒரு கட்டுப்பாடு வேணும், கால் பண்ற நேரத்த அவன் முடிவு பண்ணட்டும், நம்ம வீட்டுக் கஷ்டத்த எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல அவன் தலையில எறக்கக் கூடாது, ஒரு வாரம் பத்து நிமிஷத்துல வச்சுட்டான்னா கோவப்படக் கூடாது.

தூரத்துல இருக்கற பிள்ளைய யார் பாத்துப்பாங்கன்னு கேட்டா, ஆள் இருக்காங்க. எப்பவும் ஒரு கம்பானியன் கூடவே இருப்பாங்க, 6:30க்கு எழுந்து 10:30க்குப் படுக்கற ஒழுங்கு இருக்கு, மிஷன் லீடரும் அவர் மனைவியும் இருக்காங்க, மனசு சரியில்லன்னா பேசறதுக்கு சபையே வச்சிருக்கற மனநல ஆலோசகர்களும் உண்டு. சர்வீஸ் மிஷன்ல சர்வீஸ் மிஷன் லீடர்னு ஒரு தம்பதி இருப்பாங்க, அப்பப்ப கூப்பிட்டுப் பேசுவாங்க, ஆனா ராத்திரி அழற பிள்ளைக்குப் பக்கத்துல இருக்கறது நாமதான். பெரியவன் விஷயத்துல தெரியாம கவலப்பட்டேன், சின்னவ விஷயத்துல கண்ணு முன்னாடி பாத்துக் கவலப்பட்டேன். அவளுக்கு ஸ்கூல் காலத்துல இருந்தே ஆங்சைட்டி உண்டு, அப்ளிகேஷன்ல மனநலத்தப் பத்திக் கேக்கற பகுதிய டாக்டரோட உக்காந்து ஒண்ணு விடாம எழுதினோம். ஃபுட் பேங்க்ல பெட்டி தூக்கிட்டு வந்து சோஃபாவுல அப்படியே படுத்துப்பா, சில நாள் முகம் அப்படி ஒரு வெளிச்சமா இருக்கும், சில நாள் கதவ சாத்திட்டு உள்ள போயிடுவா. அவ மிஷனரியா, என் பொண்ணா, எந்த நேரத்துல யாரா நடத்தறதுன்னு எனக்கே புரியாது, பாத்திரம் கழுவச் சொல்லலாமா, போய் படிக்க விடணுமான்னு சின்னச் சின்னதா ஆயிரம் கேள்வி. இத உக்காந்து பேசி முடிவு பண்ணணும், காலைல படிக்கற நேரம் அவளோடது, அப்ப யாரும் கதவத் தட்டக் கூடாதுன்னு நாங்க வச்சுக்கிட்டோம், அது ரொம்ப உதவிச்சு.

அடுத்தது வார்டு, அதாவது ஊர் வாய். இத மனசு கசந்துதான் எழுதறேன். பெரியவன் போனப்ப எந்தக் கடையில பாத்தாலும் எல்டர் (மிஷன் போற பசங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க) எப்படி இருக்கான், மாண்டரின் வந்துடுச்சான்னு கேப்பாங்க. சின்னவளப் பத்தி அப்படி யாரும் கேக்கல, கேட்டவங்களும் சரி, நிஜ மிஷனுக்கு எப்ப போவாங்கற மாதிரி கேட்டாங்க, அதுவும் அவ பக்கத்துல நிக்கும்போதே. அவளோட அழைப்புக் கடிதத்துலயும் அதே தீர்க்கதரிசி, அதாவது சபைத் தலைவர், கையெழுத்துதான இருக்கு? பெத்தவங்க அங்க வாய் தெறந்து சொல்லணும், இதுவே நிஜ மிஷன்தான், இவ அத செஞ்சுக்கிட்டிருக்கான்னு, சிரிச்சு மழுப்பிட்டு வந்துட்டா பிள்ளை அத பாத்துக்கிட்டே இருக்கும். டீச்சிங் மிஷன்ல இருந்து பாதியில திரும்பி வர்ற பிள்ளைங்க நெலமை இன்னும் மோசம். உடம்போ மனசோ முடியாம வந்திருப்பாங்க, சபைக்கு வந்தா கடைசி பெஞ்சுல உக்காந்து ஆமென் சொன்னதும் ஓடிடுவாங்க. அப்படி வந்தவங்க மீதி மாசத்த சர்வீஸ் மிஷனா முடிக்கறதுக்கு வழி இருக்கு, இது பல பெத்தவங்களுக்குத் தெரியறதே இல்ல, ஸ்டேக் பிரசிடென்ட்கிட்ட தயங்காம கேளுங்க.

அப்ப யாருக்கு எது? தனியா இருந்து பழக்கமிருக்கு, ஏமாற்றத்தத் தாங்கிப்பான், நாள் முழுக்க கதவு கதவா வேண்டாம்னு கேட்டாலும் மறுநாள் சைக்கிள எடுப்பான், முக்கியமா அவனே போகணும்னு சொல்றான்னா டீச்சிங் மிஷன் அவனுக்குத்தான், தயங்காம அனுப்புங்க. மருந்து, தெரபி தொடர்ச்சியா வேணும், இடம் மாறினா தூக்கமே போயிடும்கற பிள்ளைக்கு சர்வீஸ் மிஷன்தான் சரி, அத கடைசி வழியா வச்சுக்காம மொதல்ல இருந்தே மேசை மேல வச்சுப் பேசுங்க. 18 ஆன உடனே போகணும்னும் கட்டாயம் இல்ல, ஒரு வருஷம் காலேஜ் படிச்சுட்டு மிஷனுக்காக சீட்ட நிறுத்தி வச்சுட்டுப் போற பிள்ளைங்க நெறைய பேர் இருக்காங்க, துணி துவைக்க, சமைக்க, ரூம்மேட்டோட ஒத்துப்போகக் கத்துக்கிட்டுப் போற பிள்ளைக்கு முதல் மூணு மாசம் எவ்வளவோ சுலபமா இருக்கும்.

அப்ளிகேஷன் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி. வார்டுத் தலைவரான பிஷப்போட இன்டர்வியூவுக்கு முன்னாடியே பிள்ளைய தனியா கூப்பிட்டு, நீ போகலன்னாலும் இந்த வீட்டுல எதுவும் மாறாதுன்னு சொல்லிட்டு, போகணும்னு நெஜமாவே தோணுதான்னு கேளுங்க. சின்னவகிட்ட கேட்டப்ப ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பதில் சொன்னா, செய்யணும்னு ஆசையா இருக்கும்மா, ஆனா ராத்திரி என் ரூம்ல படுக்கணும்னு. எந்த மிஷன்னு எங்களுக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு, மறுநாளே டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம்.