விரை முறுக்கு: குமரியில் எந்த வழி நேரத்தைக் காப்பாற்றும்?

ராத்திரி 2 மணிக்கு ஒரு பையனுக்கு விரை (விதை) தன் ரத்தக் குழாயோடு முறுக்கிக்கொண்டு ரத்தம் தடைபட்டால் போகக்கூடிய வழிகள் நம்ம மாவட்டத்தில் நாலைந்து உண்டு. வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால் பத்தில் ஒன்பது விரைகளாவது பிழைக்கும். 12 மணி நேரமானால் பாதிக்குப் பாதி. 24 தாண்டினால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி ரோட்டில் ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும். அதனால் விரை போவது ரோட்டால் அல்ல, இடையில் இறங்கி ஏறும் நிறுத்தங்களால்.

முதலிடம் நேரே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் அவசரப் பிரிவுக்குத்தான். தனியார் என்றால் கிளம்பும் முன்பே போன் போட்டு, "இப்பவே ஆபரேஷன் பண்ண சர்ஜனும் மயக்க டாக்டரும் உண்டுமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கே இறங்கவே வேண்டாம். மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருப்பவர்கள் திருவனந்தபுரத்தையும் கணக்கில் வைக்கலாம். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையிறங்கவே நேரம் போய்விடும். அவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையமும் தாலுகா ஆஸ்பத்திரியும் டியூட்டி டாக்டரைப் பொறுத்தவை. தெரிந்தவர் இரண்டே நிமிடத்தில் முடிப்பார்: விரை மேலே ஏறிக் குறுக்காகக் கிடக்கிறதா, கல் போல இறுகியிருக்கிறதா, உள்தொடையை வருடினாலும் விரை எழும்பாமல் கிடக்கிறதா, வாந்தி உண்டா. தெரியாதவர் வாயுவுக்கு ஊசி போடுவார், அல்லது தொற்று என்று 5 நாள் ஆன்டிபயாட்டிக் எழுதுவார். பையன்கள் கூச்சத்தில் "அடிவயிறு வலிக்கு" என்றுதான் சொல்வார்கள். உடுப்பை அவிழ்த்துப் பார்க்காத பரிசோதனை பரிசோதனையே இல்லை. ஊசிக்குப் பிறகு வலி அடங்கியது நல்ல சேதியும் இல்லை. செத்த விரையிலும் வலி குறையும்.

ரெஃபரல் சீட்டுதான் இந்தச் சேவையில் மோசமான பகுதி. "வயிற்று வலி, மேல்சிகிச்சைக்கு" என்று ஒரே வரி எழுதி அனுப்பினால், வாங்குகிற இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வலி தொடங்கிய மணி, எந்தப் பக்கம், போட்ட ஊசி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், விரை முறுக்கு சந்தேகம் என்ற வார்த்தை, இவ்வளவும் சீட்டில் இருக்க வேண்டும். அங்குள்ள டியூட்டி சர்ஜனுக்கு ஒரு போனும் போட வேண்டும். 108-ஐ அழைக்கும்போதும் இதையே சொல்லுங்கள்.

வெளி ஸ்கேன் சென்டர் பெரிய வீண். டாப்ளர் (ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன்) எடுக்கும் டாக்டர் வந்து, பில் போட்டு, ரிப்போர்ட் கைக்கு வர ஒரு மணி நேரம் எளிதில் போகும். அறிகுறி தெளிவாக இருந்தால் ஸ்கேன் தேவையில்லை. அரை முறுக்கில் ரத்த ஓட்டம் சரியாகவே தெரியவும் கூடும். ஆபரேஷன் நடக்கிற இடத்திலேயே உடனே எடுக்க முடிந்தால் மட்டும் எடுக்கட்டும். தூரம் அதிகமென்றால் டாக்டர் கையாலேயே விரையைத் தொடைப்பக்கமாக வெளியே திருப்பிப் பார்ப்பது நல்லது. மூன்றில் ஒன்று எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கும். வலி கூடினால் நிறுத்த வேண்டும். வலி விட்டாலும் அன்றே ஆபரேஷன் வேண்டும்.

பந்து விளையாடி அடிபட்டதென்று வர்ம ஆசானிடம் எண்ணெய் போடப் போவது இங்கே சகஜம். அடிக்குப் பிறகு ஒரு மணி நேரமாகியும் வலி அடங்கவில்லையென்றால் ஆசானிடமல்ல, சர்ஜனிடம் போங்கள்.

கையெழுத்திலும் நேரம் போகிறது. அப்பா கல்ஃபிலோ, தூத்தூர் போட்டில் ஆழ்கடலிலோ இருப்பார். அவரைப் பிடிக்கக் காத்திருக்க வேண்டாம். அம்மா கையெழுத்து போதும், அவரே ஆம்புலன்ஸில் ஏறட்டும். வழியில் பையனுக்கு டீயோ தண்ணியோ கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாலும் அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, மயக்க டாக்டர் அதற்கேற்ற முறையில் மயக்கம் கொடுப்பார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு பக்க விரையையும் மறுபடி முறுக்காதபடி தைத்து நிறுத்தியதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கும் அமைப்பு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றிருந்தால் கிளம்பும் முன் காரணம் கேளுங்கள்.