மணலைக் கொட்டுவதா, கடலுக்கு இடம் விடுவதா?

1990ஆம் ஆண்டில் இருந்த கடற்கரையின் எல்லைக்கோட்டைக் கடலரிப்புக்கு விட்டுக்கொடுப்பதில்லை என முடிவெடுத்த நெதர்லாந்து, ஆண்டுதோறும் வடகடலின் அடியிலிருந்து மணலை அள்ளிக் கரையில் சேர்த்துவருகிறது. 2011இல் ஹேக் நகருக்குத் தெற்கே அமைந்த ‘மணல் இயந்திரம்’ இம்முறையின் துணிச்சலான வடிவம் எனலாம். சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் தீபகற்பம்போலக் குவித்துவிட்டு, அதைக் கரைநெடுகப் பரப்பும் வேலையைக் காற்று, அலை, நீரோட்டம் ஆகியவற்றிடமே ஒப்படைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடலடி உயிரினங்களை மணலால் மூடுவதைவிட, ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கொட்டுவது அவை மீண்டெழ அவகாசம் தரும் என்பது இதன் அடிப்படை.

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸிலுள்ள மெட்மெரியில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே, அடிக்கடி உடைந்த கூழாங்கல் கரையைச் சீரமைத்துக்கொண்டிருந்த சுற்றுச்சூழல் முகமை, நிலத்தின் உட்புறமாக 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய மண்கரையை எழுப்பியபின், 2013 செப்டம்பரில் பழைய கரையைத் தானே வெட்டிக் கடலை உள்ளே விட்டது. விளைநிலம் போயிற்று, கடல்நீர் ஏறி இறங்கும், சேறும் உவர்ப்புல்லும் நிறைந்த ஓதநிலம் 183 ஹெக்டேர் கிடைத்தது. அது அலையின் வேகத்தைத் தணிக்கிறது. தென் இங்கிலாந்தின் சோலென்ட் நீரிணைப் பகுதியில் கடற்சுவர்களுக்கும் உயரும் கடலுக்கும் இடையே நசுங்கும் உயிரின வாழிடங்களுக்கு ஈடாகவும் அமைகிறது.

கடல்மட்டத்துக்குக் கீழான நிலத்தில் மக்கள் நெருங்கி வாழும், மணல் இயந்திரம் அமைந்த தென் ஹாலந்து மாகாணத்தில் பின்வாங்க இடமில்லை. அங்கு மணல்தான் வழி, அது முடிவற்ற செலவாகவே இருந்தாலும். பின்னால் வயல்வெளி மட்டுமே உள்ள இடங்களில், நிலத்தை இழக்கும் உழவருக்கு உரிய விலை கிடைக்குமானால், மெட்மெரி முறையையே நான் தேர்வேன்.