அம்மாவிடம் "போர்டு போச்சு" என்று சொல்லி எடுத்துப்போன செட் டாப் பாக்ஸ், அதே தெருவில் மூன்றாவது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது

வீட்டில் வயதான அம்மா அப்பா தனியாக இருப்பவர்கள், கேபிள் டிவி வைத்திருப்பவர்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். போனது 1,400 ரூபாய்தான். ஆனால் அதை எங்களிடமிருந்து வாங்கிய விதம் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியது.

அம்மா கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில். அப்பா தவறி நாலு வருஷம் ஆகிறது. சாயங்காலம் விளக்கேற்றியதும் டிவியைப் போட்டுவிட்டுத்தான் அம்மா சமையல் கட்டுக்குப் போவார். பார்ப்பதைவிட வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

போன ஐப்பசியில் ஒரு நாள் நல்ல இடி மழை. மறுநாள் காலையில் அம்மா போன் செய்தார். "பாக்ஸுல சிவப்பு லைட்டு வருதும்மா. என்னமோ நாலு இங்கிலீஷ் எழுத்து வருது, அப்படியே அணைஞ்சு போவுது. திரும்பவும் வருது, திரும்பவும் அணையுது." நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "கேபிள்காரருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

மதியம் ஒரு பையன் வந்திருக்கிறான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் என்றார் அம்மா. பாக்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். திறக்கவில்லை, மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, வேறு அடாப்டர் போட்டுப் பார்க்கவில்லை. "இடியில போர்டு போயிடுச்சும்மா. இனி ரிப்பேர் பண்ண முடியாது. புது பாக்ஸ் 1,900. பழசக் குடுத்தீங்கன்னா 1,400க்கு முடிச்சிரலாம்" என்றான். அம்மா, "என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்று சொல்லியிருக்கிறார். "கேளுங்க, ஆனா வண்டியில ஒரு பாக்ஸ்தான் இருக்கு, நான் அடுத்த தெருவுக்குப் போகணும்" என்று அவன் செருப்பைப் போட ஆரம்பித்திருக்கிறான். அம்மா பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வண்டியிலிருந்து வந்த பாக்ஸுக்கு அட்டைப்பெட்டி இல்லை. பாலிதீன் பையில் சுற்றியிருந்தது. மேல்பக்கம் கீறல், ரிமோட்டின் பேட்டரி மூடியில் செல்லோ டேப். அது புதுசு இல்லை என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் மாட்டியதும் படம் வந்துவிட்டதால் ஒன்றும் கேட்கவில்லை. ரசீது கொடுக்கவில்லை, எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து 250 ரூபாய் 300 ஆனது. "புது பாக்ஸுக்கு வேற பேக்கும்மா" என்று காரணம் சொன்னார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மூன்றாவது வீட்டு அக்காவுக்குப் பொங்கல் கொடுக்கப் போனபோது, அவர் வீட்டு டிவிக்குக் கீழே இருந்த பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. காயத்துக்குப் பஞ்சு வைத்து ஒட்டுவார்களே, அந்த டேப். அதில் நீல பால்பாயிண்ட் பேனாவில் ஒரு நீளமான எண். அதற்குக் கீழே "12.3.2018, ரூ.1500". அது அப்பாவின் கையெழுத்து. அவருடைய 8 மேலே மூடாமல் திறந்தே இருக்கும். காஸ் ரெகுலேட்டரில், மிக்ஸியில், குடைக் கைப்பிடியில் என்று வாங்கிய எல்லாப் பொருளிலும் அப்படி எழுதி ஒட்டி வைப்பார்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. "அக்கா, இந்த பாக்ஸ் எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"ஐப்பசிக் கடைசியில. கேபிள்காரப் பையன்தான் குடுத்தான். பழசுதான், 1,200 ரூவா. ஆனா இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல" என்றார் அவர். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவரும் பணம் கொடுத்து ஏமாந்தவர்தான்.

போர்டு போன பாக்ஸ் அங்கே எப்படி ஓடுகிறது? அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறான். அவனிடம் சொன்னதும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு, பிளக் பாயிண்டிலேயே தொங்கிக்கொண்டிருந்த பழைய அடாப்டரை உருவி எடுத்தான். அந்தப் பையன் பாக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு அடாப்டரை விட்டுப் போயிருக்கிறான். மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றேன். "இருங்கத்தை" என்று சொல்லிவிட்டு ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை அதில் மாட்டினான். பல்பு மங்கலாக எரிந்தது. மீட்டரில் எண் சரசரவென இறங்கி 7-க்கும் கீழே வந்து நின்றது.

விஷயம் இதுதான். பாக்ஸ் அடாப்டர்களுக்குள் கெபாசிட்டர் என்று சின்ன உருளை மாதிரி ஒன்று இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து அது வறண்டுபோகும். சும்மா வைத்து அளந்தால் 12 வோல்ட் காட்டும், பாக்ஸ் கரண்டை இழுத்ததும் படுத்துவிடும். பாக்ஸ் எழுந்திருக்கப் பார்க்கும், கரண்ட் போதாமல் அணையும், மறுபடி எழுந்திருக்கும். அம்மா போனில் சொன்ன "வருது, அணையுது" அதுவேதான். கும்பகோணத்தில் புது அடாப்டர் 180 ரூபாய். கேபிள் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தினமும் பார்க்கிற கோளாறு. அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கவே முடியாது.

அதற்குப் பிறகுதான் நெட்வொர்க் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். நம் ஊர் கேபிள்காரர் வேறு, அவருக்குச் சிக்னல் கொடுக்கும் நிறுவனம் வேறு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கணக்கெல்லாம் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள போன் எண்ணையே அழைத்தேன். இணையத்தில் தேடி எடுத்த எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். கஸ்டமர் கேர் என்று போலி எண்களைப் போட்டு வைத்து, மொபைலில் ஒரு ஆப் இறக்கச் சொல்லி, உங்கள் திரையை அங்கிருந்தே பார்த்து வங்கிப் பணத்தை எடுக்கிற கும்பல்கள் இருக்கின்றன. அப்படி நடந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

அங்கே கேட்டது 1,400 ரூபாயைவிடப் பெரிய அதிர்ச்சி. எங்கள் பழைய பாக்ஸ் கார்டு இல்லாத வகை, அதனால் வி.சி. நம்பர், அதாவது இணைப்பை அடையாளம் காட்டும் எண், பாக்ஸோடேயே போகும். அந்த எண் ஐப்பசி மாதமே மூன்றாவது வீட்டுப் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அம்மாவின் கணக்கில், சந்தாதாரர் இணைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பதிவு. இப்போது அம்மா வீட்டில் இருக்கும் பாக்ஸ் வேறு தெருவில் இருக்கும் யாரோ ஒருவர் பெயரில் ஓடுகிறது. மாதம் 300 ரூபாய் கட்டிக்கொண்டிருந்த அம்மா அந்த நிறுவனத்தின் ஏட்டிலேயே இல்லை. பணம் கட்டியதும் வரும் குறுஞ்செய்தி ஏன் இரண்டு மாதமாக வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது வேறு யாருடைய போனுக்கோ போய்க்கொண்டிருந்தது.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏட்டில் பெயர் இல்லாதவர் புகார் கொடுத்தால், நீங்கள் எங்கள் சந்தாதாரரே இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 சேவைத்தர விதிமுறைகளின்படி, சந்தாதாரர் விண்ணப்பப் படிவம் வாங்கிக் கணக்கில் ஏற்றிய பிறகுதான் பாக்ஸை இயக்கிக் கொடுக்க வேண்டும், படிவத்தின் நகலையும் நமக்குத் தர வேண்டும். சிக்னலே வரவில்லை என்ற புகாரை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். இந்த உரிமையெல்லாம் அந்தப் படிவத்தில் இருக்கும் பெயருக்குத்தான்.

கேபிள் ஆபீஸுக்கு நேரில் போனேன். "அந்தப் பையன் இப்ப எங்ககிட்ட இல்லங்க, எங்களுக்குத் தெரியாம பண்ணிட்டான்" என்றார் உரிமையாளர். "பையனுக்கு உங்க கம்ப்யூட்டர்ல பேரு மாத்துற பாஸ்வேர்டு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. மாதாமாதம் 300 வாங்கிக்கொண்டு போனதும் அவர் ஆள்தான். ஒரு பையன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு ஒதுங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து எண் வாங்கினேன். அப்பா எழுதிய டேப்பின் படம், பழைய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்தேன். அவருடைய அந்த டேப்தான் எங்களிடம் இருந்த ஒரே வலுவான ஆதாரம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். அந்தப் பதிவு எண்ணை உரிமையாளருக்கு அனுப்பிய பிறகுதான் அவர் பேச்சு மாறியது. பதினெட்டு நாள் கழித்து ஆள் வந்தது. 900 ரூபாய் திரும்பக் கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டு அக்காவுக்கு அட்டைப்பெட்டியோடு புது பாக்ஸ், பணம் வாங்காமல், படிவத்தில் கையெழுத்து வாங்கி மாட்டினார்கள். எங்கள் பாக்ஸ் வீட்டுக்கு வந்தது, அம்மாவின் பெயரும் ஏட்டில் திரும்ப ஏறியது.

இனி, ஆளைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிட வேண்டியவற்றைச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

முதலில், திரையில் வரும் செய்தி டிவி சொல்வதா, பாக்ஸ் சொல்வதா என்று பாருங்கள். பாக்ஸ் ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு வந்தால் பாக்ஸுக்கு உயிர் இருக்கிறது, பாக்ஸுக்கும் டிவிக்கும் இடையில் இருக்கும் ஒயரும் சரி. மெனு வராமல் 'நோ சிக்னல்' மட்டும் நின்றால், பல வீடுகளில் டிவி ரிமோட்டில் தெரியாமல் கை பட்டு, டிவி படம் வாங்கும் வழி ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாறியிருக்கும். டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி மாற்றினால் படம் வந்துவிடும். இதற்கு ஆள் வந்து 200 ரூபாய் வாங்கிப்போன வீடு எங்கள் தெருவிலேயே உண்டு.

மெனு வருகிறது, சேனல் மட்டும் வரவில்லை என்றால், பாக்ஸ் என்ன சொல்கிறது என்று எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். சந்தா இல்லை என்கிற மாதிரி வந்தால் அது பணம் அல்லது பேக் சமாச்சாரம், பாக்ஸில் கோளாறு இல்லை. சிக்னல் இல்லை என்று வந்தால் கேபிளைப் பாருங்கள். எல்லாச் சேனலும் கட்டம் கட்டமாக உடைந்தால் பெரும்பாலும் ஜாயிண்ட்தான். பாக்ஸுக்குப் பின்னால் திருகு மாதிரி இருக்கும் கனெக்டரைக் கழற்றினால் நடுவில் ஒரு செம்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் நுனியை வெட்டிப் புதுசாகக் கனெக்டர் போட வேண்டும். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் இருக்கும், கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குள் தண்ணீர் போயிருந்தாலும் இதேதான் நடக்கும். பக்கத்து வீட்டிலும் வரவில்லை என்றால் கோளாறு வெளியே லைனில் இருக்கிறது.

லைட்டே இல்லை, அல்லது வந்து வந்து அணைகிறது என்றால் முதல் சந்தேகம் அடாப்டர்மேல் இருக்கட்டும். அதன்மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து அதே அளவில் வேறொன்று போட்டுப் பாருங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை. இடியில் பாக்ஸ் போவது பொய்யில்லை, நிஜமாகவே போகும். பிளக் வழியாக மட்டுமில்லை, கேபிள் ஒயர் வழியாகவும் வரும். அதனால் இடி இடித்தால் இரண்டையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஆனால் மீட்டர்கூட வைக்காமல் ஒருவர் "இடியில போச்சு" என்றால் நம்பாதீர்கள்.

பாக்ஸ் மாற்றத்தான் வேண்டும் என்றால், மெனுவில் இருக்கும் வி.சி. நம்பரும் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் நகல், பாக்ஸுக்கான ரசீது, எந்தப் பெயரில் இயக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி மூன்றும் வரும்வரை பழைய பாக்ஸைக் கையைவிட்டு விடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பாக்ஸ் உங்களுடையது. மாதப் பணத்துக்கும் ரசீது கேளுங்கள். 2019-இல் சேனலுக்குத் தனித்தனி விலை வந்ததிலிருந்து நெட்வொர்க் கட்டணம், சேனல் விலை, 18 சதவீத ஜிஎஸ்டி என்று பிரித்துக் காட்ட முடியும். மொத்தமாக "300 ரூவா" என்று வாயால் சொல்வது பில் ஆகாது.

இப்போது அம்மா வீட்டில் பழைய பாக்ஸ் புது அடாப்டரோடு நன்றாக ஓடுகிறது. அப்பா எழுதியதற்குக் கீழே, அதே டேப்பில், அடாப்டர் மாற்றிய தேதியையும் "ரூ.180" என்பதையும் அம்மா எழுதி வைத்திருக்கிறார். பாக்கி 500 ரூபாயும், மாதம் 50 ரூபாய் வீதம் கூடுதலாக வாங்கியதும் இன்னும் வரவில்லை. புகாரை நான் முடித்துக்கொள்ளவில்லை. பணம் வந்ததும், வராவிட்டால் அடுத்து எங்கே போனேன் என்பதையும், இதே பதிவின் கீழே சேர்க்கிறேன்.