பழைய வன்தட்டுகளைத் துடைத்தழித்தல்: ஷ்ரெட்ஓஎஸ் உடன் சில ஆண்டுகள்

மட்டக்களப்பு கல்லடியில் நான் நடத்தும் தட்டச்சு, போட்டோப் பிரதிக் கடையில் நாளாந்தம் ஸ்கேன் செய்யப்படுபவை காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு விண்ணப்பம் என்று பெரும்பாலும் பிறருடைய ஆவணங்களே. ஆகவே கடைக் கணினி ஒன்றை விற்கும்போது அதன் வன்தட்டோடு கைமாறுவது என்னுடைய தரவு மட்டுமல்ல. 2016 இல் இதை நான் யோசிக்கவில்லை. ஒரு கணினியை விரைவு ஃபார்மட் மட்டும் செய்து விற்றுவிட்டேன்.

சில மாதங்களின் பின், அதேபோல ஃபார்மட் செய்து வைத்திருந்த இன்னொரு வன்தட்டிலிருந்து ஒரு கோப்பை மீட்பதற்காகப் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். ஒவ்வொரு கோப்புறையிலும் ஐந்நூறு கோப்புகளாக, அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தன. பழைய பெயர்கள் எதுவும் இல்லை. ஆனால் நான் திறந்த முதல் படத்திலேயே, வாகரைப் பக்கமிருந்து வந்த அம்மா ஒருவரின் காணி உறுதியின் மூன்றாம் பக்கம், மூலையில் இருந்த தேநீர்க் கறையோடு, எழுத்துக்கு எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தது. விற்ற கணினியைத் தேடிப் போனேன். வாங்கியவர் அதை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

விரைவு ஃபார்மட் செய்வது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டைப் புதிதாக்குவது மட்டுமே. காணிப் பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்தாலும் காணி கிடந்த இடத்திலேயே கிடப்பதைப் போல, தரவு அங்கேயே இருக்கும். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்திய பதிப்புகளில் முழு ஃபார்மட் செய்தால் அந்தப் பகுதி முழுவதும் பூச்சியம் எழுதப்படுகிறது. விரைவு ஃபார்மட்டை விட அது எவ்வளவோ மேல். ஆனால் நேரம் எடுக்கும் என்பதால் நம்மில் பலர் அதைத் தெரிவுசெய்வதில்லை.

இதன் பிறகு, பழைய தரவின் மேல் வேறு தரவை எழுதித் தட்டு முழுவதையும் துடைக்கத் தொடங்கினேன். அதற்கு முதலில் டிபான் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். அது 2015 ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுவிட்டது. யூஈஎப்ஐ என்ற புதிய தொடக்க முறை மட்டுமே உள்ள கணினிகளில் அதைத் தொடக்கவே முடியவில்லை. 2021 முதல், பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்கித் தட்டுகளைத் துடைக்கும் ஷ்ரெட்ஓஎஸ் என்ற மென்பொருளை ஏற்றி வைத்திருக்கிறேன். அதில் இயங்கும் என்வைப் என்ற துடைப்புக் கருவி, டிபானின் வேலைக்கருவியிலிருந்து கிளைத்ததே என்பதால் பழகுவதற்குச் சிரமம் இருக்கவில்லை. இதுவரை முப்பதுக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை இதனால் துடைத்திருக்கிறேன்.

எத்தனை தடவை மேலெழுத வேண்டும் என்பதைத்தான் கடைக்கு வருபவர்கள் அதிகம் கேட்கிறார்கள். முப்பத்தைந்து தடவை என்ற கணக்கு பீற்றர் குட்மனின் 1996 ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அக்காலத்துப் பலவகை வன்தட்டுகள் அனைத்தையும் மனதிற்கொண்டு வகுக்கப்பட்ட அந்த முறை இன்றைய தட்டுகளுக்குத் தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். ஒருமுறை பூச்சியம் எழுதி, எழுதியதை முழுமையாக வாசித்துச் சரிபார்ப்பதே என் வழக்கம். 500 ஜிபி மடிக்கணினி வன்தட்டுக்கு, யூஎஸ்பி வழியாக அல்லாமல் கணினிக்குள் தட்டை நேரடியாக இணைக்கும் சாட்டா வடத்தில் இணைத்தால், எழுத ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் வாசிக்க அதேயளவும் ஆகின்றன. முப்பத்தைந்து தடவை என்றால் மூன்று நாட்களாகிவிடும். அந்த நேரத்தைச் சரிபார்ப்பதற்குச் செலவிடுவதே மேல். முடிந்த பின்னும் போட்டோரெக்கை ஒருமுறை ஓடவிட்டு, ஒரு கோப்பும் மீளவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே தட்டைக் கையளிக்கிறேன்.

2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் இந்த வேலை மிகவும் சோதித்தது. பாதியில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. எழுபது வீதம் கடந்த ஒரு தட்டை மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கினேன். அதன் பிறகு, மின்கலம் நன்றாக இருக்கும் பழைய மடிக்கணினி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து தவறான தட்டைத் துடைத்துவிடுவது. ஒரே கொள்ளளவுடைய இரண்டு தட்டுகள் இணைந்திருந்த ஒரு மாலையில், தொடங்கும் விசையை அழுத்துமுன் திரையிலிருந்த தொடரிலக்கத்தைத் தட்டின் லேபிளோடு ஒப்பிட்டபோது கடைசி நான்கு எழுத்துகள் பொருந்தவில்லை. நான் தெரிவுசெய்திருந்தது கடையின் காப்புப் பிரதித் தட்டு. இப்போது துடைக்க வேண்டிய தட்டைத் தவிர மற்ற எல்லா வடங்களையும் கழற்றிவிட்டே தொடங்குகிறேன்.

பழுதாகத் தொடங்கிய தட்டுகளை மென்பொருளிடம் விட முடியாது. தட்டு தானாகவே ஒதுக்கிவைத்த பழுதான பகுதிகளை மேலெழுதல் எட்டாது. அங்கே பழைய தரவு தங்கியிருக்கலாம். வாவிக்குள் எறிந்துவிடும்படி சிலர் சொல்கிறார்கள். காந்தப் பதிவு தண்ணீரால் அழியாது. வாவிக்கும் அது கேடு. நட்சத்திரத் தலைத் திருப்புளியால் திறந்து, உள்ளிருக்கும் வட்டுகளை நானே உடைக்கிறேன். மடிக்கணினி வட்டுகள் பல கண்ணாடியாலானவை. ஒரே அடியில் மணல்போலச் சிதறும். ஆகவே தடித்த சாக்கில் சுற்றி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்துதான் அடிக்க வேண்டும். மேசைக் கணினித் தட்டுகளில் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் துளையிட்டு வளைத்த பின்னரே பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுக்கிறேன்.

சுழலும் வட்டு இல்லாமல் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த முறைகள் பொருந்தா. எழுதும் இடத்தை அது தனக்குள்ளேயே மாற்றி மாற்றி ஒதுக்குவதாலும், நமக்குக் காட்டாத உபரி இடம் வைத்திருப்பதாலும், மேலெழுதினால் எல்லாம் மறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத் தட்டிலேயே உள்ள பாதுகாப்பான அழிப்புக் கட்டளையை லினக்ஸில் உள்ள எச்டிபார்ம் என்ற கருவி மூலம் கொடுக்கிறேன். முதல் தடவை தட்டு ‘உறைந்த’ நிலையில் இருப்பதாகச் சொல்லி மறுத்தது. கணினியை உறக்க நிலைக்குக் கொண்டுபோய் எழுப்பியதும் ஏற்றுக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்குள் முடித்தது. சில யூஎஸ்பி இணைப்பிகள் இக்கட்டளையைத் தட்டுக்குக் கடத்துவதில்லை என்பதால் நேரடி இணைப்பே நல்லது.

கடைக்கு இப்போது வாங்கும் கணினிகளில், முதல் ஆவணத்தை ஸ்கேன் செய்வதற்கு முன்பே தட்டிலுள்ள தரவை மறைகுறியாக்கும் பிட்லொக்கரையோ வெராகிரிப்டையோ இயக்கிவிடுகிறேன். அந்தத் தட்டு நாளை துடைக்க முடியாதபடி பழுதானாலும், திறவுச்சொல் இல்லாதவருக்கு அந்த அம்மாவின் காணி உறுதி போன்றவை வாசிக்கக் கிடைக்காது.