மாடிக் கூண்டா, கொல்லை அடைப்பா, கட்டிலடியா?

அக்காவும் நானும் பொள்ளாச்சியில் ஒரே கடையில், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு முயல்குட்டிகளை வாங்கினோம். இரண்டும் வெள்ளை, சிவப்புக் கண். அவள் வீடு கேரள எல்லையிலிருக்கிற கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குக் கிழக்கே, என் வீடு மேற்கே, கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில். அவள் மாடியில் கூண்டு வைத்தாள். நான் கொல்லையில் அடைப்பு கட்டினேன், அப்புறம் அதைக் கைவிட்டு முயலை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். முயல் வாங்கப் போகிறோம் என்று வருகிறவர்கள் எல்லாரும் தீனியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கூண்டுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. புழுக்கையும் மூத்திரமும் கம்பிவலை வழியாகக் கீழே விழுந்துவிடும், கூட்டித் தள்ளினால் போதும். பூனை தொடாது. நான்கு காலுக்கும் கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் எறும்பும் ஏறாது. கறிக்கு வளர்ப்பவர்கள் செய்வது இதுதான், அவர்களுக்கு இது பொருந்தும். சில மாதத்தில் விற்றுவிடுகிற முயலுக்குச் சரி. ஆனால் வீட்டில் ஒரு ஆளாக வளர்கிற முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருஷம் இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல அதற்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். நாள் முழுக்கக் கம்பியில் நின்றால் ரோமம் தேய்ந்து புண்ணாகும். கூண்டேதான் வேண்டும் என்றால் பாதி இடத்திலாவது ஒரு பலகையும் சாக்கும் போட்டு வையுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் ஊர் வெயில். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய இந்தப் பக்கம் மார்ச், ஏப்ரலில் நாற்பது டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. முயலுக்கு முப்பதுக்கு மேல் போனாலே கஷ்டம். அதற்கு வேர்க்காது, காது வழியாகத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். அக்கா மாடியில் தகரக் கூரைக்கடியில் கூண்டை வைத்திருந்தாள், நிழல்தானே என்று. ஒரு ஏப்ரல் மத்தியானம் மூன்று மணிக்குத் துணி எடுக்கப் போனபோது, முயல் பக்கவாட்டில் நீட்டிப் படுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கைச் சுற்றி ஈரம். காதைத் தொட்டால் சுட்டதாம். ஈரத்துணியால் காதைத் துடைத்தாள், காற்று வீசினாள். சாயங்காலத்துக்குள் உயிர் போய்விட்டது. காலையில் கீரை போட்ட பிறகு அந்தப் பக்கம் யாருமே போகவில்லை என்பதுதான் அவளை இன்னும் அரிக்கிறது.

கூண்டின் உண்மையான குறை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முயல் பிற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி, நோயை வெளியே காட்டாது. ஒரு வேளை தின்னாமல் விட்டால் குடல் அசைவு நின்றுபோகத் தொடங்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசரம், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதற்கு இடமில்லை. மாடியில் இருக்கிற முயல் தின்கிறதா என்று யார் பார்ப்பது?

கொல்லை அடைப்பு பார்க்க அழகு. மண்ணில் விட்டதும் குதித்து அந்தரத்தில் ஒரு திருகு திருகி இறங்கும், அதற்காகவே ஒருநாள் விடலாம். ஆனால் அது பிறவியிலேயே குழி தோண்டுகிற ஜாதி. நாலாம் நாள் வேலிக்கு அடியில் தோண்டி, பக்கத்துக் காட்டு நிலக்கடலையில் உட்கார்ந்திருந்தது. வலையை இரண்டடி புதைத்தேன். அப்புறம் ஒரு கீரி வந்து பார்த்துவிட்டுப் போனது. ஜூன் மழையில் தரை நசநசத்தது. மூன்றே வாரத்தில் விட்டுவிட்டேன். கூடவே நின்று பார்த்துக்கொள்ள முடிந்தால், சாயங்காலம் ஒரு மணி நேரம் விடுங்கள். இரவில் விடவே வேண்டாம்.

கடைசியில் வீட்டுக்குள். எங்கள் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், கட்டிலடிதான் அதற்குப் பிடித்தது. எந்த மூலையில் மூத்திரம் போகிறதோ அங்கேயே ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைக்கோல் பரப்பி வைத்தேன். பத்து நாளில் தானாகவே அங்கே போகப் பழகிவிட்டது. மொசைக் தரை வழுக்குகிறது, பழைய ஜமுக்காளத்தை விரித்தேன். இரண்டு போன் சார்ஜர் ஒயரும் ஒரு செருப்பு வாரும் போயின. அதன் பற்கள் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்க்க ஏதாவது வேண்டும். ஒயரை எல்லாம் உயரத்தில் மாட்டினேன்.

விடியற்காலையில் அது தன் பின்பக்கம் குனிந்து எதையோ தின்பதைப் பார்த்துவிட்டு அமுச்சி, “கண்ணு, இது என்னமோ பண்ணுது, வந்து பாரு” என்று எழுப்பினாள். முயல் இரண்டு விதமாகப் போடும். உருண்டையான காய்ந்த புழுக்கை ஒன்று, மெத்தென்று கொத்தாக வருவது இன்னொன்று. இரண்டாவதைத் திரும்பத் தின்றால்தான் அதிலிருக்கிற சத்து உடம்பில் சேரும். கூண்டில் இருந்திருந்தால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது.

தீனி மூன்று முறைக்கும் ஒன்றுதான். பெரும்பங்கு புல்லும் உலர்ந்த புல்லும். கூடவே முள்முருங்கைத் தழை, அருகம்புல், வேலிமசால் என்கிற தீவனச்செடி. கேரட்டை முயலின் உணவு என்று படத்தில் பார்த்து நம்பாதீர்கள், அது இனிப்புப் பண்டம், எப்போதாவது ஒரு துண்டு போதும். வேலியோரம் அறுக்கும்போது அரளியும் உண்ணிச்செடியும் கலந்துவிடக் கூடாது.

ஒன்றா, ஜோடியா? ஜோடிதான் முயலுக்குச் சந்தோஷம். ஆனால் ஆணும் பெண்ணுமாக வாங்கினால் 31 நாளில் குட்டி, ஈன்ற கையோடு மறுபடியும் சினை பிடிக்கும். இரண்டும் ஆண் என்றால் வளர்ந்ததும் கடித்துக்கொள்ளும். கருத்தடை அறுவை செய்தால் பிரச்சினை தீரும், முயலைக் கையாளத் தெரிந்த மருத்துவர்தான் வேண்டும். எல்லையில் இருப்பதில் ஒரு வசதி, மேற்கே மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கும் போகலாம், கிழக்கே கோயம்புத்தூருக்கும் போகலாம். நாய்க்குக் கொடுத்த உண்ணி மருந்தை நீங்களாகவே முயலுக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் ஃபிப்ரோனில் இருந்தால் உயிருக்கே ஆபத்து.

காட்டில் கிடைத்த முயல்குட்டியைக் கொண்டுவந்து வளர்ப்பதா என்று கேட்பவர்களும் உண்டு. அது வேறு இனம், 1972 வனவுயிர்ச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், தாய் இருட்டியதும் வரும்.

இன்னொன்று, எங்கள் பக்கம் வருஷத்துக்கு இரண்டு தீபாவளி. ஐப்பசியில் நம்முடையது, சித்திரையில் விஷுவுக்கு வெடிக்கிற பட்டாசு. முயல் பயந்து இதயம் நின்று செத்துப்போவது உண்டு. விஷு அன்று இருட்டியதும் முயல் பின்னங்காலால் தரையில் டொக்கென்று அடித்தது, அபாயம் என்று சொல்கிற அடி. ஜன்னலைச் சாத்தினேன். அமுச்சி கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் “எப்பங்க அடிக்கறீங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் அக்கா மறுபடியும் ஒரு குட்டி வாங்கினாள். அது சமையலறை வாசலில் சாக்கில் படுக்கிறது. மத்தியானத்தில் தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கிறாள், அது போய் ஒட்டிக்கொள்கிறது. மாடிக் கூண்டை என்ன செய்தாய் என்று கேட்டேன். தேங்காய் போட்டு வைத்திருக்கிறாளாம்.