லொய்லுவில் இரண்டு மணி நேரம்

அக்டோபரில் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஹெர்னெசாரி பகுதியில் கடலை ஒட்டி இருக்கும் லொய்லு என்ற பொதுச் சவுனாவுக்கு அவள் முன்பதிவு செய்து வைத்திருந்தாள். சவுனா என்றால் சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்கும் குளியல். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரும் இடம், நீச்சலுடை கட்டாயம். முன்பின் தெரியாதவர்களோடு அப்படி உட்காருவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். உள்ளே போனபிறகு அந்தக் கூச்சம் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எல்லா வயதிலும், எல்லா உடல்வாகிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை.

கட்டிடம் 2016-இல் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கரையில் கிடக்கும் பாறை மாதிரி இருக்கிறது. மேலே முழுக்க மரச்சட்டங்கள், கடல் காற்றில் வெளிறிச் சாம்பல் நிறமாகிவிட்டன. உள்ளே இருப்பவர்களுக்குச் சட்டங்களின் இடைவெளியில் கடல் தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு நாம் தெரியமாட்டோம். வடிவமைத்த நிறுவனத்தின் பெயர் அவாந்தோ. குளிப்பதற்காகப் பனிக்கட்டியில் வெட்டும் துளைக்கு ஃபின்னிஷ் மொழியில் அதுதான் பெயராம். எனக்கு அது மிகவும் பிடித்துப் போனது.

முதலில் நன்றாகக் குளிக்க வேண்டும். அப்புறம் பலகையில் விரித்து உட்கார ஒரு சின்னத் துணியோடு விறகுச் சவுனாவுக்குள் போனோம். மேல் பலகையில்தான் சூடு அதிகம், நான் கீழேயே உட்கார்ந்தேன். தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஊற்றலாமா?" என்று கேட்டார். இரண்டு மூன்று தலைகள் அசைந்ததும் ஒரு கரண்டித் தண்ணீரை அடுப்பில் காயும் கற்கள் மேல் ஊற்றினார். உஸ்ஸென்று எழுந்த ஆவி மேலே போய், ஒரு மூச்சு நேரம் கழித்து முதுகில் இறங்கியது. அந்த ஆவிக்குத்தான் லொய்லு என்று பெயர். அறையே திடீரென்று கூடுதலாகச் சூடாகிவிடுவதில்லை, ஈரம் தோலில் படிவதால்தான் அப்படி உறைக்கிறது.

அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஏறக்குறைய 55 லட்சம் பேர் இருக்கும் நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் சவுனாக்கள். 2020-இல் யுனெஸ்கோவே ஃபின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டிலேயே இருக்கும்போது ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். "வீட்டில் இருக்கிறது. ஆனால் அங்கே நான் தனியாகத்தான் உட்கார வேண்டும்" என்றார். அதன் பிறகு அவரும் நானும் மகள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

புகைச் சவுனாதான் இந்த இடத்தின் உயிர் என்பேன். அதற்குப் புகைபோக்கி கிடையாது. மணிக்கணக்கில் விறகெரித்துப் புகையை வெளியேற்றிய பிறகுதான் ஆட்களை விடுவார்கள். உள்ளே ஒரே இருட்டு. சுவரெல்லாம் கரி, சாய்ந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சூடு மிருதுவாக இருந்தது, மூக்கில் எரிச்சலே இல்லை. முகம் சரியாகத் தெரியாததாலோ என்னவோ, அங்கேதான் பேச்சு இன்னும் இயல்பாக வந்தது.

சரி, குளிருக்கு வருகிறேன். உள்ளே ஒரு குளிர்நீர்த் தொட்டி இருக்கிறது, பயப்படுகிறவர்கள் அதில் தொடங்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் கடல் வேறு. மரத்தளத்திலிருந்து ஏணி நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கடல் அன்று 9 டிகிரி என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். இடுப்பு வரை இறங்கியதும் மூச்சு திக்கென்று நின்றது. "மூச்சை அடக்காதே அம்மா, மெதுவா வெளியே விடு" என்று மேலிருந்து கத்தினாள். நீளமாக விட்டேன், இன்னொரு முறை விட்டேன், பதற்றம் அடங்கியது. அரை நிமிடம் இருந்திருப்பேன். ஏறி வந்தபோது காற்றே வெதுவெதுப்பாக இருந்தது! குதிக்க வேண்டாம், ஏணியிலேயே இறங்குங்கள். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள். குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

ஏறி வந்ததும் முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் கைதட்டினார்கள். அடுத்து இறங்கப் பயந்து நின்ற ஒரு பெண்ணுக்கு, மூச்சு விடுவது எப்படி என்று நான் சொல்லிக் கொடுத்தேன். நெருப்புக் கணப்புக்கு முன்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மணி நேரம் பெரிதாகத் தோன்றினாலும், குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் சேர்த்தே அவ்வளவுதான். முன்பதிவு செய்துவிட்டுச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். ஈர மரத்தளத்தில் கால் விறைக்கும், செருப்பு அவசியம்.

கடைசிச் சுற்றில் அதே அம்மா கரண்டியை என்னிடம் நீட்டினார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தேன். "ஊற்றலாமா?"